நிலாவைப் பார்க்காத பக்கத்துக் கடல்

அன்புள்ள ஆசிரியருக்கு,

குஜராத்தில் பாவ்நகர் அருகே உள்ள கோலியாக் கடற்கரைக்குச் சென்ற மாதம் போயிருந்தோம். நீர் வடிந்ததும் கடலுக்குள் நெடுந்தூரம் நடந்துபோய் நிஷ்களங்க மகாதேவரை வணங்கித் திரும்பினோம். சில மணி நேரத்தில் நாங்கள் நடந்த தரை கடலாகிவிட்டது. நிலா இழுப்பதால் கடல் ஏறுகிறது என்றால், நிலா தலைக்கு மேலே வரும்போது மட்டும்தானே ஏற வேண்டும்? நாளுக்கு இரண்டு முறை ஏன் என்று என் மகள் கேட்கிறாள்.

வாசகர், மதுரை

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் மகள் சரியான இடத்தில் கைவைத்திருக்கிறாள். கலிலியோ 1632இல் வெளியிட்ட நூலில், ஓதத்துக்கும் (கடல் ஏறி இறங்குவதற்கும்) நிலாவுக்கும் தொடர்பில்லை, பூமியின் அசைவால்தான் நீர் ததும்புகிறது என்று வாதிட்டார். அவர் கணக்குப்படி நாளுக்கு ஓர் ஏற்றம்தான் வரவேண்டும். கடல் அதற்கு உடன்படவில்லை. ஈர்ப்பைக் கொண்டு நியூட்டன் விளக்கியது 1687இல்.

நிலா கடலை மட்டும் இழுக்கவில்லை. கடலடித் தரையோடு சேர்த்துப் பூமி முழுவதையும் இழுக்கிறது. எல்லாவற்றையும் ஒரே அளவில் இழுத்தால் ஓதமே இராது. ஆனால் நிலாவை நோக்கிய பக்கத்தில் இழுப்பு கூடுதல், மறுபக்கத்தில் குறைவு. வேறுபாடு ஏறத்தாழ 7 சதவீதம். மூன்று பேர் ஒரே திசையில் வரிசையாக ஓடுகிறார்கள். முன்னவர் வேகமாக, நடுவில் இருப்பவர் நிதானமாக, பின்னவர் மெதுவாக. நடுவில் இருப்பவருக்கு இருவருமே விலகிப் போவதாகத்தான் தெரியும். அந்தப் பின்னவர்தான் மறுபக்கத்துக் கடல். இப்படி இரு பக்கமும் கடல் மேடாகிறது. பூமி சுழலும்போது அந்த இரண்டு மேடுகளையும் நாம் கடக்கிறோம். அதற்குள் நிலாவும் சற்று நகர்ந்துவிடுவதால், ஓர் ஏற்றத்துக்கும் அடுத்ததற்கும் 12 மணி 25 நிமிடம் ஆகிறது.

சூரியன் பூமியை இழுக்கும் விசை நிலாவினுடையதைப் போல ஏறத்தாழ 180 மடங்கு. ஆனாலும் ஓதத்தில் அதன் பங்கு நிலாவின் பங்கில் பாதிகூட இல்லை. வெகு தொலைவில் இருப்பதால், பூமியின் இரு பக்கங்களுக்கும் அதன் இழுப்பு கிட்டத்தட்ட ஒன்றுதான். இந்தக் கணக்கை முதன்முதலில் போட்டுப் பார்த்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

நிலா நீரைத் தூக்குகிறது என்றும் நினைக்க வேண்டாம். ஓதத்தை உண்டாக்கும் விசை பூமியின் ஈர்ப்பில் ஏறத்தாழ ஒரு கோடியில் ஒரு பங்கு. நீர் மேலே எழுவதில்லை. கடல் பரப்பு நெடுகப் பக்கவாட்டில் நகர்ந்து குவிகிறது. குவியும் நீர், பாவ்நகரை ஒட்டிய காம்பே வளைகுடா போன்ற புனல் வடிவ ஒடுக்கத்துக்குள் நுழையும்போது வேறு வழியின்றி உயர்கிறது. அதனால்தான் சென்னையில் ஒரு மீட்டர் அளவே ஏறி இறங்கும் கடல், பாவ்நகரில் பத்து மீட்டர் வரை ஏறி இறங்குகிறது.

மீண்டும் கோலியாக் போவதானால் அஷ்டமியைத் தவிர்த்துவிடுங்கள். அன்று சூரியனும் நிலாவும் ஒன்றுக்கொன்று செங்குத்தான திசைகளில் இழுப்பதால் ஓதம் தணிந்திருக்கும். அமாவாசையோ பௌர்ணமியோ கழிந்து ஓரிரு நாளில் போனால் கடல் அதிகம் உள்வாங்கும். உள்ளூர்க்காரர்களிடம் நேரம் கேட்டுக்கொண்டு மகளை அழைத்துச் செல்லுங்கள்.