வாசகர் கேள்வி: ஜோசியர் எழுத்தா, தாத்தா பெயரா?

கேள்வி: பேரன் பிறந்து பத்து நாள் ஆகிறது. ரோகிணி நட்சத்திரம். ஓ, வ, வி, வு என்ற எழுத்துகளில்தான் பெயர் வைக்க வேண்டும் என்கிறான் மகன். எனக்கோ மறைந்த என் கணவர் மாடசாமியின் பெயரை வைக்க ஆசை. மருமகள் வாயே திறக்கவில்லை.
- ஒரு வாசகி, திருநெல்வேலி

பதில்: முதலில் அந்த மருமகளைக் கேளுங்கள் அம்மா. சுமந்து பெற்றவள் அவள்.

உங்கள் ஆசையில் தவறே இல்லை. தாத்தாவின் பெயரைத் தாங்குகிறவன் என்பதால்தானே 'பெயரன்', அதுவே பேரன் ஆயிற்று. எங்கள் வீட்டிலும் இதே இழுபறி நடந்தது. தொட்டிலில் போடும்போது என் மாமியார் குழந்தையின் காதில் மூன்று முறை சொன்னது தாத்தா பெயர். பதிவேட்டில் ஏறியது வேறு பெயர். இன்றும் கோபம் வந்தால் தாத்தா பெயர்தான் எனக்கு வாயில் வரும்!

அவசரம் வேண்டாம். பிறப்பைத்தான் 21 நாட்களுக்குள் பதிய வேண்டும். பெயரை 12 மாதங்களுக்குள் கட்டணமின்றிச் சேர்க்கலாம்.

ஒன்றில் மட்டும் கறாராக இருங்கள்: ஆங்கில எழுத்துகள். என் மகள் கயல்விழி. பிறப்புச் சான்றிதழில் 'ழ'வுக்கு இரண்டு எழுத்து, பள்ளிச் சான்றிதழில் ஒன்று. பாஸ்போர்ட் எடுக்கப் போனபோது அந்த ஓர் எழுத்துக்காக மூன்று நாள் அலைந்தேன். வளவன் என்று வைத்தாலும் சரி, மாடசாமி என்று வைத்தாலும் சரி, முதல் நாளே ஒரு தாளில் எழுதி மகனிடம் கொடுத்துவிடுங்கள்.