தங்க அரங்கில் நான்கு நிமிடம்: பணம் கட்டலாமா?

கேள்வி: என் மகளுக்கு 16 வயது. ஏழு வருடமாக மேற்கத்திய வயலின் கற்கிறாள். போன வருடம் இசைத் தேர்வில் எட்டாம் கிரேடு முடித்தாள். அவள் வாசித்ததை இன்ஸ்டாகிராமில் பார்த்ததாகச் சொல்லி, வரும் ஜூலையில் வியன்னாவில் நடக்கும் சர்வதேச இளையோர் இசைவிழாவுக்குத் தேர்வாகியிருப்பதாக மின்னஞ்சல் வந்திருக்கிறது. புகழ்பெற்ற மூசிக்ஃபெராய்ன் அரங்கில் வாசிக்கலாமாம். ஐந்து நாளுக்கு 2,400 யூரோ, கூட வரும் பெற்றோருக்கு 1,600. பத்து நாளில் பாதிப் பணம் கட்ட வேண்டும். இங்கே ஒரு டிராவல்ஸ்காரர் விசா உறுதி என்று 25,000 ரூபாய் முன்பணமும் எங்கள் இரண்டு பேரின் பாஸ்போர்ட்டும் வாங்கி வைத்திருக்கிறார். நகையை வைத்துப் பணம் புரட்டலாம் என்று இருக்கிறோம். நம்பிக் கட்டலாமா? வயலினை விமானத்தில் கையோடு கொண்டுபோக விடுவார்களா? - கோவை வாசகி

பதில்: அம்மா, முதலில் ஒரு காரியம் செய்யுங்கள். அந்த டிராவல்ஸ்காரரிடம் போய் இரண்டு பாஸ்போர்ட்டையும் வாங்கிக்கொண்டு வாருங்கள். மீதியை வந்து படிக்கலாம். 1967ஆம் ஆண்டின் பாஸ்போர்ட் சட்டப்படி அது மத்திய அரசின் சொத்து. உங்களுக்கே சொந்தமில்லாத ஒன்று அவருடைய மேஜை டிராயரில் என்ன செய்கிறது? விசாவுக்கு விண்ணப்பிக்கும் நாளில்தான் அது தேவைப்படும். ஆஸ்திரியா உள்ளிட்ட ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான ஷெங்கன் விசா முதல் முறை என்றால் கைரேகை வைக்க எப்படியும் நீங்கள் நேரில் போயாக வேண்டும், அப்போது உங்கள் கையாலேயே கொடுப்பீர்கள். ‘ஃபைல் ரெடி பண்றேன்’ என்கிறவருக்கு நகல் போதும்.

இனி அந்தக் கடிதம். நீங்கள் அனுப்பிய நகலைப் படித்தேன். தங்க நிற பார்டர், முத்திரை, மூன்று கையெழுத்து எல்லாம் ஜோராக இருக்கின்றன. நாலாவது வரியை இன்னொரு முறை படியுங்கள். ‘உங்கள் குரல்வளம் எங்கள் நடுவர்களை உருக்கியது’ என்று இருக்கிறது. வயலின் வாசிக்கிற பெண்ணுக்கு! ஏதோ பாடகிக்கு அனுப்பிய கடிதத்தில் பெயரை மட்டும் மாற்றியிருக்கிறார்கள். அவள் என்ன வாசிப்பாள், யாரிடம் கற்கிறாள் என்று ஒரு கேள்விகூட இல்லை. எந்த வங்கிக் கணக்கு என்பதற்கு மட்டும் அரைப் பக்கம்.

மோசடியா என்று கேட்கிறீர்கள். பணத்தை வாங்கிக்கொண்டு ஓடிவிடுவார்களா என்று கேட்டால், அநேகமாக ஓட மாட்டார்கள். விழா என்று ஒன்று நடக்கும். மகள் வியன்னாவில் வாசிப்பாள். சான்றிதழ், மெடல், போட்டோ எல்லாம் கிடைக்கும். புகார் கொடுக்கப் போனால், சொன்னதெல்லாம் செய்திருக்கிறார்களே என்பார்கள். அதனால்தான் இந்த வியாபாரம் இத்தனை வருடமாக ஓடுகிறது.

மூசிக்ஃபெராய்னைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்துகொள்ளுங்கள். வியன்னாவின் இசை நண்பர்கள் சங்கத்துக்குச் சொந்தமான கட்டடம் அது. தெயோஃபில் ஹான்சன் வடிவமைத்து, 1870 ஜனவரியில் திறந்தார்கள். புத்தாண்டுக் காலையில் வியன்னா ஃபில்ஹார்மனிக் ஆர்க்கெஸ்ட்ரா வாசிப்பதை டிவியில் பார்த்திருப்பீர்களே, தங்கச் சிலைகளும் பூக்களுமாக, அந்தப் பெரிய அரங்கம்தான் தங்க அரங்கம். ஆனால் அதே கட்டடத்தில் பிராம்ஸ் பெயரில் இன்னொரு அரங்கம் உண்டு. தரைக்கடியில் 2004இல் திறந்த நான்கு புது அரங்குகளும் உண்டு. கண்ணாடி, உலோகம், கல், மரம் என்று அவற்றுக்குப் பெயர். நல்ல அரங்குகள், குறை சொல்ல மாட்டேன். ஆனால் கடிதத்தில் ‘மூசிக்ஃபெராய்னில்’ என்று மட்டும்தான் இருக்கிறது. எந்த அரங்கம்? முகப்பில் தங்க அரங்கத்தின் படத்தைப் போட்டுவிட்டு, கீழ்த்தளத்தில் வாசிக்கவைத்தாலும் எழுதியது பொய்யாகாது.

ஏன் ஜூலை என்றும் யோசியுங்கள். வியன்னாவின் முக்கியமான கச்சேரி சீசன் ஜூனோடு முடிகிறது. வியன்னா ஃபில்ஹார்மனிக் கோடையில் ஆஸ்திரியாவின் இன்னொரு ஊரான சால்ஸ்பர்க்கில் நடக்கும் விழாவுக்குப் போய்விடும். அப்போது மேடைகள் காலியாக இருக்கும், காலியான மேடை வாடகைக்குக் கிடைக்கும். இதில் ரகசியம் ஒன்றுமில்லை, நம் ஊர்க் கல்யாண மண்டபம் ஆடி மாசத்தில் கிடைக்கிற மாதிரிதான். சீனாவிலிருந்து பாடகர்களும் குழுக்களும் தங்க அரங்கத்தை வாடகைக்கு எடுத்து, டிக்கெட்டை இலவசமாகக் கொடுத்து ஆள் சேர்த்தது அங்கே பெரிய பேச்சானது. சீனர்களே அதற்கு ‘முலாம் பூசுவது’ என்று பெயர் வைத்தார்கள். நியூயார்க்கின் கார்னகி ஹாலிலும் இதே கதைதான். அங்கே 268 இருக்கைகள் கொண்ட வைல் அரங்கத்தை யாரும் வாடகைக்கு எடுக்கலாம். ‘கார்னகியில் வாசித்தவர்’ என்ற பட்டத்தோடு நம் ஊர்ப் பிளக்ஸில் சிரிக்கும் பிள்ளைகளில் எத்தனை பேர் அந்தச் சின்ன அரங்கத்தில் வாசித்தவர்கள் என்று பிளக்ஸில் எழுத மாட்டார்கள்.

இப்படிப்பட்ட ஒரு மதியத்தில் நானே உட்கார்ந்திருக்கிறேன். என் மாணவன் ஒருவனோடு ஐரோப்பாவுக்குப் போயிருந்தேன். விழாவின் பெயரும் ஊரும் வேண்டாம். நிகழ்ச்சி நிரலில் 41 பெயர்கள். ஆளுக்கு நான்கு நிமிடம். மேடையோரத்தில் ஒரு பெண் கையில் போனை வைத்து நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். மூன்றரை நிமிடத்தில் கையைத் தூக்குவார். என் பையன் மொசார்ட்டின் மூன்றாம் வயலின் கன்செர்ட்டோவில் (தனி வயலினுக்கும் ஆர்க்கெஸ்ட்ராவுக்குமாக எழுதிய நீண்ட படைப்பு) முதல் பகுதியின் நடுவில் நிறுத்தி, வணங்கி, இறங்கினான். ஒரு வாக்கியத்தின் பாதியில் எழுந்து போவது மாதிரி. கேட்டவர்கள் யார்? அடுத்து வாசிக்கப் போகிற பிள்ளைகளின் அப்பா அம்மா. தங்கள் பிள்ளை வாசித்ததும் போட்டோ எடுத்துக்கொண்டு கிளம்பினார்கள். முப்பத்தைந்தாவது பிள்ளைக்கு நான், நேரம் பார்க்கிற அந்தப் பெண், பியானோ வாசித்தவர் தவிர எட்டுப் பேர் இருந்தார்கள். எண்ணிப் பார்த்தேன்.

இது வெள்ளைக்காரன் கண்டுபிடித்ததும் இல்லை. டிசம்பர் சீசனில் பகல் ஒரு மணி ஸ்லாட்டுக்கு ‘நன்கொடை’ கேட்ட கதைகளை நாம் கேட்காததா? கச்சேரி செய்கிறவருக்குச் சன்மானம் கொடுப்பதுதான் வழக்கம். கொடுக்கிற கை மாறினால் அதற்குப் பெயர் விழா அல்ல. என்னைக் கேட்டால், மேடையில் ஏற ஒரு யூரோ கேட்டாலும் கட்டாதீர்கள்.

ஆனால் இதைச் சொன்னதும் சிலர் நேர் எதிராகப் புரிந்துகொண்டு, வெளிநாட்டில் பணம் கேட்கிற எல்லாமே பித்தலாட்டம் என்று ஒதுக்கிவிடுகிறார்கள். அதனால் ஒரே ஒரு விலக்கை விளக்கியாக வேண்டும். பாடத்துக்குப் பணம் கட்டலாம். சால்ஸ்பர்க்கில் மொசார்ட்டியம் பல்கலைக்கழகம் கோடை அகாதெமி ஒன்று நடத்துகிறது. 1916இல் லில்லி லேமன் என்ற பாடகி தொடங்கி வைத்தது. அதற்குக் கட்டணம் உண்டு, தங்குமிடம் உங்கள் செலவு, விமான டிக்கெட் உங்கள் செலவு. கூட்டினால் உங்கள் 2,400ஐத் தாண்டவும் செய்யலாம். ஆனாலும் அது நேர்மையான கட்டணம். ஏன் என்றால், வாங்குகிற காசுக்கு அவர்கள் தருவது வகுப்பு. எந்த ஆசிரியரிடம் படிக்க விரும்புகிறாள் என்று பெயர் சொல்லி விண்ணப்பிக்க வேண்டும். அவர் யார், எங்கே வாசிக்கிறார், எங்கே சொல்லிக்கொடுக்கிறார் என்று நீங்கள் தேடிப் பார்க்கலாம். கட்டணம் எவ்வளவு என்று எல்லோருக்கும் பொதுவாக அவர்களுடைய தளத்திலேயே போட்டிருப்பார்கள், போனில் பேரம் கிடையாது. அகாதெமிக் கச்சேரியும் உண்டு, அதில் வாசிக்க ஆசிரியர் பார்த்துச் சொல்ல வேண்டும், பணம் கட்டினேனே என்று கேட்க முடியாது. புரிகிறதா? டியூஷனுக்கு ஃபீஸ் கட்டுகிறோம், மார்க்குக்கு ஃபீஸ் கட்டுவதில்லை. உங்களுக்கு வந்த கடிதத்திலும் ‘மாஸ்டர் கிளாஸ்’ என்று ஒரு வரி இருக்கிறது, அதைக் காட்டி வாதாடாதீர்கள். எத்தனை நிமிடம், யார் எடுக்கிறார், தனியாகவா கும்பலாகவா என்று கேட்டு எழுதுங்கள். பதிலில் ஒரு மனிதரின் பெயர் வந்தால் சொல்லுங்கள், நானும் பார்க்கிறேன்.

டிராவல்ஸ்காரரின் ‘விசா உறுதி’க்கு வருகிறேன். எந்தத் தூதரகமும் எந்தத் தரகருக்கும் அந்த அதிகாரத்தைக் கொடுக்கவில்லை. ஷெங்கன் விசாக் கட்டணம் 2024 ஜூன் முதல் 90 யூரோ. 12 வயது தாண்டிவிட்டதால் உங்கள் மகளுக்கும் அதே 90. அதோடு விசா விண்ணப்ப மையத்தின் சேவைக் கட்டணமும், 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீடும். இவ்வளவுதான். 25,000 எதற்கு என்று கணக்குக் கேளுங்கள். பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம், குறைந்தது 15 நாள் முன்பாவது கொடுத்துவிட வேண்டும். முடிவு சொல்ல 15 நாள் என்று விதி, 45 நாள் வரை நீட்டவும் விதியிலேயே இடம் வைத்திருக்கிறார்கள். கோடைக்கு முன்னால் அப்பாயின்ட்மென்ட் கிடைப்பதே குதிரைக்கொம்பு. இதைப் பற்றி என்னைப் பேசவிட்டால் நிறுத்த மாட்டேன். பதினாறு வயதுப் பெண் நான்கு நிமிடம் மொசார்ட் வாசிக்க, அவள் அப்பாவின் வருமான வரிப் படிவம், சம்பளச் சீட்டு, வங்கிக் கணக்கு, அவர் கூட வராவிட்டால் நோட்டரி கையெழுத்தோடு சம்மதக் கடிதம்! ஆனால் அலுப்பில் தரகர் சொல்கிற குறுக்கு வழியில் இறங்காதீர்கள். கணக்கில் ஒரு வாரத்துக்கு நான்கு லட்சம் போட்டு எடுத்துக்கொள்ளலாம் என்பார். மூன்று மாத ஸ்டேட்மென்ட்டைப் புரட்டுகிற அதிகாரிக்கு, திடீரென்று வந்து விழுந்த லட்சங்கள் முதல் பார்வையிலேயே தெரியும். பொய்யான ஆவணம் வைத்து மறுக்கப்பட்டால், அந்தப் பதிவு ஐந்து வருடம் அவர்களுடைய கணினியில் இருக்கும். உங்கள் மகள் உண்மையாகவே எங்காவது தேர்வாகிப் போக வேண்டிய ஐந்து வருடம் அது.

வயலின் விஷயம் சின்னது. முழு அளவு வயலின் பெட்டி 80 சென்டிமீட்டர் நீளம் வரும். கைப்பை அளவு பெரும்பாலும் 55தான். ஆனாலும் நிறைய நிறுவனங்கள் வயலினைக் கையோடு அனுமதிக்கின்றன. டிக்கெட் எடுப்பதற்கு முன் எழுதிக் கேளுங்கள், வந்த பதிலை அச்செடுத்து பெட்டியின் பாக்கெட்டிலேயே வையுங்கள், ஏனென்றால் கவுண்டரில் நிற்கிறவருக்கு அவருடைய கம்பெனி விதி தெரியாது. வில்லின் முடியைத் தளர்த்தி வையுங்கள், தந்திகளை மொத்தமாகத் தளர்த்தினால் உள்ளே நிற்கிற சவுண்ட் போஸ்ட் என்ற சின்ன மரக்குச்சி சாய்ந்துவிடும். விலை உயர்ந்த வயலின் என்றால், கிளம்பும்போதே விமான நிலையச் சுங்கத்தில் காட்டி ஏற்றுமதிச் சான்று வாங்கிக்கொள்ளுங்கள். திரும்பி வரும்போது ‘வெளிநாட்டில் வாங்கியதா’ என்று நிறுத்தமாட்டார்கள்.

மகளுக்கு என்ன சொல்வது என்றுதானே உங்கள் உண்மையான கவலை? ‘தேர்வாகிட்டேன்’ என்று வகுப்பில் எல்லோரிடமும் சொல்லியிருப்பாள். அவளிடம் உண்மையான தேர்வு எப்படி இருக்கும் என்று காட்டுங்கள். சுவிட்சர்லாந்தில் ஆல்ப்ஸ் மலைமேல் வெர்பியே என்ற ஊரில் 1994 முதல் விழா நடக்கிறது. உலகத்தின் பெரிய தனி வித்வான்கள் வருவார்கள். 18 முதல் 28 வயது வரையானவர்களுக்கு ஒரு ஆர்க்கெஸ்ட்ரா, 15 முதல் 18 வரை ஜூனியர் ஆர்க்கெஸ்ட்ரா. ஜப்பானில் சப்போரோவில் லியனார்ட் பெர்ன்ஸ்டைன் 1990இல் தொடங்கிய பசிபிக் இசைவிழாவின் அகாதெமி 18 வயதில் திறக்கிறது, பாடத்துக்குக் கட்டணம் இல்லை. இவர்கள் யாரும் இன்ஸ்டாகிராமில் பார்த்து எழுத மாட்டார்கள். இன்னின்ன பகுதியை இன்ன தேதிக்குள் வீடியோ எடுத்து அனுப்பு என்பார்கள். மொசார்ட் கன்செர்ட்டோவின் தொடக்கம், ரிச்சர்ட் ஸ்ட்ராஸின் டான் ஹுவான் முதல் பக்கம் என்று ஆர்க்கெஸ்ட்ராப் பகுதிகள் கேட்பார்கள். எட்டாம் கிரேடு சான்றிதழை அங்கே யாரும் திருப்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள், வருடா வருடம் தேர்வுக் கட்டணம் வாங்குகிற ஆசிரியர்களான நாங்கள் இதை உங்களிடம் சொல்வதும் இல்லை.

இந்த வருடம் கிடைக்காது என்றே வைத்துக்கொள்ளுங்கள். டான் ஹுவான் முதல் பக்கம் ஓடுகிற வேகத்துக்கு அவளுக்கு இன்னும் ஒரு வருடம் தேவைப்படலாம். ஜூனியர் ஆர்க்கெஸ்ட்ராவுக்கு அவள் வயதில் இன்னும் இரண்டு வருடம் மிச்சமிருக்கிறது. நகையை எடுத்து உள்ளே வையுங்கள். அந்தப் பக்கத்தை எடுத்து தாளம் தட்டும் மெட்ரோனோமை நிமிடத்துக்கு 60 தட்டில் வைத்துத் தொடங்கச் சொல்லுங்கள். மாதத்துக்கு ஒரு முறை போனிலேயே பதிவு செய்யட்டும். ஜன்னலைச் சாத்திவிட்டு, மறக்காமல் ஃபேனையும் நிறுத்திவிட்டு. போன வருடம் எனக்கு வந்த பதிவுகளில் பாதியில் வயலினைவிட ஃபேன்தான் நன்றாகக் கேட்டது.