லேபிள் ஒட்டாத குருவிங்க

வணக்கம் சார்,

பதினோரு வருஷமா ஒரே வேலை. போன மாசம் ராஜினாமா லெட்டர் குடுத்துட்டேன். ஆறு மாசம் ஐரோப்பா, தனியா, பதினாலு நாடு லிஸ்ட் போட்டு அனுப்பியிருக்கேன். வாழ்க்கையை கொஞ்சம் தள்ளி நின்னு பாக்கணும், அவ்ளோதான் ஆசை. வீட்ல "நீ ஓடிப்போறே"ன்னு சொல்றாங்க. பயணம் நிஜமாவே பார்வையை மாத்துமா, இல்ல நானே என்னை ஏமாத்திக்கிறேனா?
எஸ்.

அன்புள்ள எஸ்.,

முதல்ல சள்ளை புடிச்ச விஷயத்தை சொல்லிடறேன். உங்க லிஸ்ட்ல பன்னெண்டு நாடு ஷெங்கனுக்குள்ள, அதாவது ஒரே விசாவுல சுத்தற ஐரோப்பிய நாடுங்க கூட்டத்துக்குள்ள வருது. அங்க டூரிஸ்டா போனா எந்த 180 நாள் எடுத்தாலும் மொத்தமா 90 நாள்தான் இருக்கலாம், பார்டர் தாண்டி அடுத்த நாட்டுக்குப் போனா கணக்கு புதுசா ஆரம்பிக்காது. அதனால பாதி லிஸ்டை அடிச்சிடுங்க. விசா இடம் குடுத்தாலும் நான் இதையேதான் சொல்லியிருப்பேன்.

ஓடிப்போறதுன்னா ஜெர்மன் கவிஞர் கதேயும் ஓடிப்போனவர்தான். 1786 செப்டம்பர், வயசு 37, அரசவையில பெரிய பதவி. கார்ல்ஸ்பாட்ங்கற ஊர்ல இருந்து விடிகாலை மூணு மணிக்கு சொல்லாம கொள்ளாம கிளம்பி, பேரைக்கூட மாத்தி வச்சிக்கிட்டு இத்தாலிக்குப் போயிட்டாரு. நீங்களாவது லெட்டர் குடுத்துட்டு ஓடறீங்க. கிட்டத்தட்ட ரெண்டு வருஷம் வெளிய இருந்தாரு, அதுல பாதிக்கு மேல ரோம்லயேதான் கெடந்தாரு, அதை கவனிங்க. கல்ச்சர் ஷாக் பத்தி எழுதின கலெர்வோ ஓபெர்க் அதோட முதல் கட்டத்தை ஹனிமூன்னுதான் சொல்றாரு. அது முடியறதுக்குள்ள அடுத்த பஸ் ஏறினீங்கன்னா பதினாலு ஹனிமூன்தான் மிஞ்சும்.

பார்வை மாறுமான்னா, மாறும். ஆனா அங்க இருக்கும்போது இல்ல, வந்தப்புறம். பரிணாமக் கொள்கை சொன்ன டார்வின் பீகிள் கப்பல்ல 1831 டிசம்பர்ல கிளம்பினப்ப வயசு 22, ரெண்டு வருஷம்னு சொன்னது அஞ்சு வருஷம் கிட்ட இழுத்துடுச்சு. 1835ல கலாபகஸ் தீவுகள்ல அஞ்சு வாரம் சுத்தினாரு, அங்க ஒண்ணும் பளிச்சுன்னு புரிஞ்சுடல. புடிச்ச ஃபிஞ்ச் குருவிங்க எந்தெந்தத் தீவுன்னு ஒழுங்கா குறிச்சுக்கூட வைக்கல மனுஷன்! 1837 ஜனவரியில லண்டன்ல ஜான் கூல்டுங்கற பறவை நிபுணர் பாத்துட்டு, நீங்க சம்பந்தமே இல்லாத பறவைங்கன்னு நெனச்சது எல்லாமே ஒரே கூட்டம், ஆனா வேற வேற இனம்னு சொல்றாரு. அப்புறம் கேப்டன் ஃபிட்ஸ்ராயும் கப்பல்ல கூட வந்தவங்களும் லேபிள் ஒட்டி வச்சிருந்த குருவிங்களை கேட்டு வாங்கித்தான் எது எந்தத் தீவுன்னு ஒருவழியா சேத்தாரு.

நானும் ஒரு தடவை உங்களை மாதிரி கிளம்பினவன்தான். மூணாவது வாரம், பாஷை தெரியாத ஊரு, துணி துவைக்கற கடையில மெஷின் முன்னாடி கையில சில்லறையை வச்சிக்கிட்டு எந்த பட்டன்னு தெரியாம முழிச்சிட்டு நிக்கறேன், ஒரு பாட்டி வந்து என் உள்ளங்கையில இருந்து காசை ஒண்ணொண்ணா பொறுக்கி எடுத்து அவங்களே போட்டு பட்டனையும் அமுக்கிட்டு போயிட்டாங்க. அன்னிக்கு நோட்டுல தனிமையைப் பத்தி ரெண்டு பக்கம் எழுதியிருக்கேன், இப்ப படிச்சா எனக்கே கண்றாவியா இருக்கு. ஓரத்துல மட்டும் ஒரு வரி: "லாண்ட்ரி. பாட்டி காசு போட்டாங்க. கோவம்."

ஏன் கோவம்னு அப்ப தெரியல. திரும்பி வந்து எட்டு மாசம் கழிச்சு, ஆபீஸ்ல ஒரு சின்னப் பையன் "நான் பண்ணித் தரட்டுமா சார்"னு என் ஃபைலை எடுத்தான் பாருங்க, அதே சுருக். அன்னிக்குத்தான் அந்த நோட்டை தேடி எடுத்தேன்.

அதனால அங்க உக்காந்து வாழ்க்கைன்னா என்னன்னு எழுதிட்டு இருக்காதீங்க. தேதி, இடம், யாரு என்ன பண்ணாங்க, உங்களுக்கு என்ன வந்துச்சு, அது போதும். ஒரு ஊர்லயாவது ஆறு வாரம் இருங்க, போரடிச்சாலும் நகராதீங்க. திரும்பி வந்ததும் ஒரு மாசம் சும்மா இருக்கறதுக்கு காசு இப்பவே தனியா எடுத்து வச்சிடுங்க, நான் அதை பண்ணாம திங்கக்கிழமையே வேலைக்கு ஓடினேன்.

பாஸ்போர்ட் எக்ஸ்பைரி தேதியையும் ஒரு தடவை பாத்துடுங்க. போயிட்டு வந்ததும் எனக்கு எழுதாதீங்க, ஒரு வருஷம் போகட்டும்.