முதியவர்களுக்கு வரும் அரிய வகைச் சிறுநீர்ப்பைப் புற்றுநோயை எப்படி உறுதிசெய்கிறார்கள்?

ஸ்கேனில் கட்டி தெரிந்த பிறகும் எழுபது, எண்பது வயதில் திசுப் பரிசோதனை தேவையா என்று கேட்டிருக்கிறீர்கள். தேவை. சிறுநீர்ப்பைப் புற்றுநோய்களில் ஏறத்தாழ 90 விழுக்காடு, பையின் உட்சுவர்ப் படலத்தில் தோன்றும் யூரோதீலியல் வகையைச் சேர்ந்தவை. அரிதாக வந்து வேகமாகப் பரவும் சிறுசெல், சார்கோமடாய்டு, பிளாஸ்மாசைட்டாய்டு போன்றவற்றை ஸ்கேன் படம் மட்டும் பிரித்துக் காட்டாது.

முதியவர்களிடம் தாமதம் பெரும்பாலும் தொடக்கத்திலேயே நேர்கிறது. வலியின்றிச் சிறுநீரில் இரத்தம் போனால், புராஸ்டேட் வீக்கம், சிறுநீர்த் தொற்று, இரத்தம் உறையாமலிருக்க எடுக்கும் மாத்திரை என ஏதாவதொரு காரணம் கைவசம் இருக்கும்; மாத்திரை இரத்தக்கசிவை வெளிக்கொணரலாமே தவிர, உள்ளே கட்டி இல்லை என்பதற்கு அது சான்றாகாது.

அடுத்தது சிஸ்டோஸ்கோப்பி, அதாவது சிறுநீர்க் குழாய் வழியாகக் கேமரா செலுத்திச் சிறுநீர்ப்பையின் உள்ளே பார்ப்பது. கட்டியைச் சுரண்டி எடுக்கும்போது அடியிலுள்ள தசையும் மாதிரியில் இருக்க வேண்டும். அது இல்லாவிட்டால் நோய் எவ்வளவு ஆழம் இறங்கியிருக்கிறது என்பதை உறுதியாகச் சொல்ல முடியாது. பிளாஸ்மாசைட்டாய்டு வகையோ கட்டியாகத் திரளாமல் சுவருக்குள்ளேயே பரவி, தேர்ந்த கண்ணையும் ஏமாற்றக்கூடும்.

பின்னர் நோயியல் மருத்துவர் சினாப்டோஃபைசின், குரோமோகிரானின் போன்ற புரதங்களைச் சாயமிட்டுத் தேடுகிறார். இவை சிறுசெல் வகையைச் சுட்டும். ஒரே கட்டியில் இரு வகைகள் கலந்திருப்பதும் உண்டு என்பதால், அரிய வகை எனச் சந்தேகம் எழுந்தால் இத்துறையில் பழக்கமுள்ள இன்னொரு நோயியல் மருத்துவரிடம் ஸ்லைடுகளைக் காட்டுவது நல்லது. சிறுசெல் என்று உறுதியானால் பரவல் இல்லாதபோதும் வழக்கமாகக் கீமோதெரபியே முதலில் வரும். அதில் சிஸ்பிளாட்டின் என்ற மருந்தைத் தரலாமா என்பதைப் பிறந்த ஆண்டைவிடச் சிறுநீரகத் திறன், இதயநிலை, செவித்திறன் ஆகியவையே தீர்மானிக்கின்றன.