கனமான, இருண்ட ராக் பாடல்களை அகூஸ்டிக்கில் வாசித்தால் ஏன் சப்பென்று ஆகிவிடுகிறது? எப்படிச் சரிசெய்வது?

எலெக்ட்ரிக் கிட்டாரின் ஒலியை வேண்டுமென்றே சிதைத்துக் கனமாக்கும் டிஸ்டார்ஷன் பெடலைக் கழற்றிவிட்டு அதே கார்டுகளை அகூஸ்டிக் கிட்டாரில் வாசித்தால் சப்பென்றுதான் இருக்கும். டிஸ்டார்ஷன் வெறும் இரைச்சல் இல்லை. சுரத்தை நீட்டிப் பிடித்தது, இரண்டே சுரங்களிலிருந்து ஏகப்பட்ட மேல்சுரங்களைக் கிளப்பி இடத்தை நிரப்பியது, மெல்ல அடித்தாலும் ஓங்கி அடித்தாலும் ஏறக்குறைய ஒரே அளவில் ஒலிக்கவைத்துக் கையின் குறையை மறைத்தது. அது போன பிறகு இந்த மூன்று வேலைகளையும் யார் செய்யப்போகிறார்கள் என்று முடிவுசெய்துவிட்டால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது.

முதலில் கார்டுகள். பவர் கார்டில் இருப்பது ஷட்ஜமும் பஞ்சமமும் மட்டும். டிஸ்டார்ஷனில் கந்தாரத்தை (மேஜரா மைனரா என்று காட்டும் சுரம்) சேர்த்தால் கலங்கிவிடும் என்பதால் ராக்கில் பெரும்பாலும் அதை விட்டுவிடுகிறார்கள். சுத்தமான ஒலியில் அந்தத் தடை இல்லை. இருட்டை இங்கேதான் திரும்பக் கொண்டுவர வேண்டும். பாட்டு இ, சி, ஏ என்ற மூன்று பவர் கார்டுகளில் போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். விரல்களை அப்படியே வைத்து, இதுவரை அடைத்து வைத்திருந்த மேல் கம்பிகளைத் திறந்து விடுங்கள். இ-யில் திறந்த ஜி கம்பி சாதாரண கந்தாரமாக (மைனர் கந்தாரம்) வந்து சேர்ந்து இ மைனர் ஆகிவிடும். சி-யை ஐந்தாம் கம்பியின் மூன்றாம் ஃப்ரெட்டில் பிடித்தால், மூன்றாம் கம்பியில் வரும் சி சுரமும் திறந்த பி கம்பியும் அரைச்சுர இடைவெளியில் உரசும். அந்த உரசல் ஆம்ப்ளிஃபயர் தராத ஒரு கனத்தைத் தரும். ஏ-யில் கந்தாரமே வராது. மேஜரா மைனரா என்று சொல்லாமல் தொங்கும். ரிஃப் (திரும்பத் திரும்ப வரும் கிட்டார் துணுக்கு) மாறவில்லை, பாட்டின் முகம் மாறிவிட்டது.

அடுத்தது நீட்சி. டிஸ்டார்ஷனில் எட்டுத் தாள அடி நிற்கும் கார்ட், அகூஸ்டிக்கில் இரண்டு மூன்று அடியிலேயே தேய ஆரம்பிக்கும். அகூஸ்டிக் என்றாலே வேகத்தைக் குறைக்க வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். குறைத்தால் அந்த ஓட்டை இன்னும் பெரிதாகத் தெரியும். நிமிடத்துக்கு ஐந்தாறு அடிகளுக்கு மேல் குறைக்காதீர்கள். நீண்ட கார்டை விரல்களால் பிரித்து வாசியுங்கள், அல்லது நீட்டிப் பிடிக்கும் வேலையைச் செல்லோ, ஹார்மோனியம் போன்ற ஒரே ஒரு வாத்தியத்திடம் கொடுங்கள். இரண்டு வைத்தால் சினிமாப் பின்னணி இசை வாடை அடிக்கும்.

நிர்வானா என்ற அமெரிக்க ராக் குழு 1993 நவம்பரில் நியூயார்க்கில் பதிவுசெய்த எம்டிவி அன்பிளக்ட் நிகழ்ச்சியில் செல்லோ செய்தது இந்த வேலையைத்தான். டிரம்ஸில் டேவ் குரோல் குச்சியை விட்டு மெல்லொலி தரும் பிரஷ்ஷுக்கு இறங்கினார். ஆனால் 'அன்பிளக்ட்' என்ற பெயரை அப்படியே நம்ப வேண்டாம்: குழுவின் பாடகர் கர்ட் கோபேன் தன் மார்ட்டின் அகூஸ்டிக் கிட்டாரைப் பெடல்கள் வழியாக ஆம்ப்ளிஃபயருக்குள் விட்டுத்தான் வாசித்தார், ஆம்ப்ளிஃபயரை மானிட்டர் (மேடையில் இருப்பவர்களுக்கான ஸ்பீக்கர்) போலத் தெரியும்படி மறைத்திருந்தார்கள்.

குரல்தான் அதிகம் கவிழ்க்கும் இடம். கத்திப் பாட அமைத்த சுருதியில் மென்மையாகப் பாடினால் கோரஸ் கிழியும், இல்லையென்றால் கள்ளக்குரலாகிவிடும். இரண்டு மூன்று அரைச்சுரம் இறக்க வேண்டியிருக்கும். கார்ட் பிடிகளை மாற்றினால் மேலே சொன்ன திறந்த கம்பிகள் போய்விடும் என்பதால் கிட்டாரையே இறக்கிச் சுருதி சேருங்கள். அரைச்சுரம் வரை 12-53 கம்பி (மெல்லிய, தடித்த கம்பிகளின் தடிமன், அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு கணக்கில்) தாங்கும். ஒரு முழுச்சுரம் இறக்கினால் 13-56 போடுங்கள். மெல்லிய கம்பி தளர்ந்து ஃப்ரெட்டில் கடகடக்கும், அழுத்தி அடித்தால் சுருதியும் ஏறித் தெரியும். பிக் 0.6 முதல் 0.73 மில்லிமீட்டர் போதும். எலெக்ட்ரிக்கில் பழகிய தடிமன் பிக்கோடு வந்தால் கார்டைவிட பிக் சத்தம்தான் கேட்கும்.

பதிவில் மைக்கை ஒலித்துளைக்கு நேராக வைக்காதீர்கள். பெரிய கிட்டாரின் உள்காற்று 100 ஹெர்ட்ஸ் பக்கம் அதிரும். எல்லாச் சுரமும் 'பொம்' என்று வரும். 12-ஆம் ஃப்ரெட்டுக்கு எதிரே 20-30 சென்டிமீட்டரில் சிறிய டயஃப்ரம் கண்டென்சர் மைக் ஒன்று வைத்து, கழுத்து உடலோடு சேரும் இடத்தை நோக்கிச் சற்றே திருப்புங்கள். இன்னும் கொழகொழவென்று இருந்தால் 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டி, 200-300 பகுதியில் இரண்டு மூன்று டெசிபல் குறைத்தால் போதும். ராக் பழக்கத்தில் ஒரே பகுதியை இரண்டு முறை வாசித்து இடம் வலமாகப் பரப்பாதீர்கள்: ஒலிச்சுவர் கிடைக்கும், நெருக்கம் போய்விடும். சத்தத்தின் ஏற்ற இறக்கத்தைக் குறைக்கும் கம்ப்ரெஸர் 2:1 அல்லது 3:1, அட்டாக் (அது செயல்பட எடுக்கும் நேரம்) 20-30 மில்லிசெகண்ட். அதற்கு மேல் இறுக்கினால் விரல் கீச்சும் நாற்காலி முனகலும் பாட்டுக்குச் சமமாக எழும்பி வரும்.

இதற்கு விலையுயர்ந்த ஸ்டூடியோ வேண்டும் என்பதில்லை. புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீனின் 1982 ஆல்பமான 'நெப்ராஸ்கா' நான்கு டிராக் கேசட் ரெக்கார்டரில் வீட்டில் பதிவானது. இசைக்குழுவோடு வாசித்துப் பார்த்தும், கடைசியில் அந்தக் கேசட்டைத்தான் வெளியிட்டார்கள்.

மேடைக்குச் சுருக்கமாக: பியசோ பிக்கப்பை (கிட்டாரின் அதிர்வை மின்சைகையாக்கும் கருவி) ஒரு மெகாஓமுக்குக் குறைந்த மின்தடை உள்ள இன்புட்டில் நேரே செருகினால் அடிநாதம் வற்றி, தகரம் தட்டுவது போலாகும், நடுவில் ப்ரீஆம்ப் (சைகையைத் தயார்செய்யும் முன்பெருக்கி) வேண்டும். ஊளையிட்டால் முதலில் துளைக்கு ரப்பர் மூடி, பிறகு ப்ரீஆம்பின் ஃபேஸ் பொத்தான், அப்புறம்தான் ஈக்யூ (அலைவரிசைகளைக் கூட்டிக் குறைக்கும் கட்டுப்பாடு). டிரம்மருக்குப் பிரஷ் அல்லது குச்சிக்கட்டு கொடுத்து, ஸ்நேர் மேல் ஒரு துணியைப் போடுங்கள்.

எல்லாப் பாட்டையும் இழுத்துவர முயலாதீர்கள். பேஸ் சுரங்களை மட்டும் வாசித்து மெட்டைப் பாடிப் பாருங்கள். மெட்டு தனியாக நின்றால் மாற்றலாம். ரிஃப்பை எடுத்தால் ஒன்றுமே மிஞ்சாத பாட்டை எலெக்ட்ரிக்கிலேயே விட்டுவிடுங்கள். நிர்வானாவே அந்த நிகழ்ச்சியில் தங்கள் மிகப் பெரிய ஹிட்டை வாசிக்கவில்லை.