கடலில் விழும் புள்ளிகளை நீக்கலாமா?

கேள்வி: கடலோர நெடுங்கால் ஈக்களின் அருங்காட்சியகப் பதிவுகளை உலக உயிரினப் பதிவுகளைத் திரட்டித் தரும் ஜிபிஐஎஃப் (GBIF) இணையத் தளத்திலிருந்து இறக்கி வரைபடம் போட்டேன். பல புள்ளிகள் கடலுக்குள் விழுகின்றன. அவற்றை நீக்கிவிட்டு மீதியை வைத்துப் பரவலைச் சொல்லலாமா?

பதில்: அவசரப்பட்டு நீக்காதீர்கள். கடலில் விழுந்த புள்ளி பெரும்பாலும் நல்ல பதிவாகத்தான் இருக்கும், அதன் ஆயத்தொலைவு (அட்ச, தீர்க்க ரேகை எண்கள்) மட்டும் சொதப்பியிருக்கும்.

நெடுங்கால் ஈக்களின் குடும்பமான டோலிகோபோடிடேயில் ஆஃப்ரோசிலஸ் போன்ற பேரினங்கள் பாறைக் கரையில் அலை ஏறி இறங்கும் பட்டையிலேயே வாழ்பவை. அந்தப் பட்டை பல இடங்களில் சில மீட்டர்தான் அகலம். பழைய பதிவிலோ பாகையும் (டிகிரி) கலையும் (நிமிடம்) மட்டும் இருக்கும். அட்சரேகையில் ஒரு கலை என்பது சுமார் 1.85 கிலோமீட்டர். ஈ வாழும் இடத்தைவிட அளவுப் பிழையே பல மடங்கு பெரிது. அப்புறம் புள்ளி கடலில் விழாமல் என்ன செய்யும்? ஒரு கிலோமீட்டர், இரண்டு கிலோமீட்டர் தள்ளி விழுந்தால் பக்கத்துக் கரைக்கு நகர்த்தி, பிழை எல்லையையும் குறித்து வையுங்கள். நடுக்கடலில் விழுந்தால் கழித்தல் குறி விட்டுப்போயிருக்கிறதா, அட்சமும் தீர்க்கமும் இடம் மாறியிருக்கின்றனவா என்று பாருங்கள். ஆப்பிரிக்காவின் கினி வளைகுடாவில் ஒரு புள்ளி நின்றால் அது பெரும்பாலும் அட்சமும் பூஜ்யம், தீர்க்கமும் பூஜ்யம். அதாவது ஆயத்தொலைவே இல்லாத பதிவு.

சந்தேகம் வந்தால் ஊசியில் குத்தியிருக்கும் லேபிளின் படத்தைத் தேடிப் பாருங்கள். ஒரு விரல் நகம் அளவுத் தாளில் ஊர், தேதி, பிடித்தவர் பெயர். 3.vii.1928 என்று மாதத்தை ரோமன் எண்ணில் எழுதியிருந்தால் நிம்மதி, ஜூலை 3தான். வெறும் 3.7.28 என்றால் மார்ச் 7 ஆகவும் இருக்கலாம். தரவில் ஜனவரி 1 என்ற தேதி குவிந்து கிடந்தால் நம்பாதீர்கள். ஆண்டு மட்டும் தெரிந்தவற்றுக்குக் கணினி தானாகப் போட்டுவிடும் தேதி அது.

இடத்தைவிட எனக்குப் பெரிய கவலை பெயர்தான். இந்தக் குடும்பத்தில் பல இனங்களை ஆண் ஈயின் கால் அலங்காரத்தையும், வயிற்றுக்கடியில் முன்னோக்கி மடிந்திருக்கும் இனப்பெருக்க உறுப்பையும் வைத்துத்தான் பிரிக்கிறார்கள். பெண் ஈயை, கூடவே பிடிபட்ட ஆணை வைத்து ஊகித்திருப்பார்கள். ஆகவே தனியாகப் பிடிபட்ட ஒற்றைப் பெண் ஈயை நம்பிப் பரவலின் எல்லையை நீட்டாதீர்கள். இனம் கண்டவர் பெயரும் ஆண்டும் தனி லேபிளில் இருக்கும். அந்தப் பேரினம் மறு ஆய்வு செய்யப்படுவதற்கு முந்தைய ஆண்டு என்றால் அந்தப் பெயரைக் கேள்விக்குறியோடு எழுதுங்கள்.

புள்ளிகளை எண்ணி ‘இங்கே அதிகம்’ என்று சொல்லவும் வேண்டாம். ஒரே வலைவீச்சில் சிக்கிய 20 ஈக்களை ஓர் அருங்காட்சியகம் 20 பதிவாக்கும், இன்னொன்று ஒரே பதிவாக்கும். இடம், தேதி, பிடித்தவர் மூன்றும் ஒத்தவற்றை ஒன்றாக்குங்கள்.

சரி, வெற்றிடங்கள்? அதே கரையில் மற்ற கடலோர ஈக்கள் நிறையப் பதிவாகி, உங்கள் இனம் மட்டும் இல்லையென்றால் அந்த வெற்றிடத்துக்கு மதிப்புண்டு. எதுவுமே பதிவாகவில்லை என்றால் அங்கே யாரும் வலையோடு போகவில்லை, அவ்வளவுதான். வரைபடத்தில் இந்த இரண்டு வெற்றிடங்களுக்கும் வேறு வேறு நிறம் கொடுங்கள்.