மலைக்கதை ஏன் மனதில் நிற்பதில்லை? சில கேள்விகள், பதில்கள்

கோத்தகிரி வாசகர் வட்டத்தில் சிறுகதை எழுதிப் பார்ப்பவர்கள் கேட்டவை.

குன்னூர் வாசகி: பனி, சில்வர் ஓக், தேயிலைச் சரிவு எல்லாம் அருமை என்கிறார்கள். கதையைக் கேட்டால் யாருக்கும் ஞாபகமில்லை!

சங்கப் பாட்டின் கணக்கில், முதற்பொருளும் (இடம், காலம்) கருப்பொருளும் (அங்குள்ள மரம், தொழில் போன்றவை) வந்துவிட்டன, உரிப்பொருள் (மனிதருக்குள் நடப்பது) வரவில்லை. கேம்பிரிட்ஜ் உளவியலாளர் பார்ட்லெட் ஒரு சோதனை செய்து 1932இல் வெளியிட்டார். வட அமெரிக்கப் பழங்குடிக் கதை ஒன்றைப் படிக்கக் கொடுத்து, இடைவெளி விட்டு விட்டுத் திரும்பச் சொல்ல வைத்தார். சொல்லச் சொல்லக் கதை சுருங்கியது. காரணம் பிடிபடாத விவரங்கள் உதிர்ந்தன, பழக்கமில்லாதவை பழகியவையாக மாறின. உங்கள் சில்வர் ஓக்கும் அப்படித்தான் உதிர்கிறது. மகளின் காலேஜ் ஃபீஸுக்கு அந்த மரத்தை விற்றாக வேண்டும், பட்டாவோ அண்ணன் பெயரில் இருக்கிறது என்று வையுங்கள். மரம் நிற்கும்.

கூடலூர் வாசகர்: தோட்டத்து வேலையை வைத்து ஓர் உதாரணம் சொல்லுங்களேன்.

மழையில் பறித்த இலையில் தண்ணீர் நிற்கும். எடை போடும்போது ஈரத்துக்கென்று கிலோ கழிப்பார்கள். இதை மட்டும் எழுதினால் செய்தி. ஒருத்தி 28 கிலோ கொண்டு வருகிறாள், 4 கழிக்கிறார்கள். அதே மழையில் பறித்த பக்கத்து நிரைக்காரிக்கு 2தான். இங்கே கோபம் வந்தாயிற்று, ஆனாலும் கதை இன்னும் வரவில்லை. எடை போடுபவர் அவளுடைய நாத்தனார் புருஷன். அடுத்த வாரம் மகளைப் பெண் பார்க்க வருகிறவர்கள் அவர் கொண்டுவந்த சம்பந்தம். இப்போது கேட்டாலும் இழப்பு, கேட்காவிட்டாலும் இழப்பு.

பலர் கோட்டை விடுவது இதற்கு அடுத்த வரியில். 'மனதுக்குள் புழுங்கினாள்' என்று ஒரு பக்கம் ஓடும். புழுக்கத்தை யாரும் நினைவில் வைப்பதில்லை, செய்ததைத்தான் வைப்பார்கள். இறக்கிய சாக்கை அவள் ஒன்றும் பேசாமல் மறுபடி தூக்கித் தராசில் வைக்கட்டும். வரிசையில் நிற்பவர்கள் முள்ளைப் பார்க்கட்டும். எடை போடுபவர் என்ன செய்கிறார் என்பது அடுத்த காட்சி.

கொடைக்கானல் வாசகி: குறிஞ்சி பூத்தபோது பிரிந்தவர்கள் அடுத்த பூப்பில் சந்திக்கிறார்கள். எடுபடுமா?

நிறையப் பேர் நடந்து தேய்ந்த பாதை. போவதென்றால் ஆண்டைச் சரிபாருங்கள். உங்கள் பக்கம் மலை மூடப் பூத்தது 2006, 2018. 2012இல் மலையே நீலமாயிற்று என்றால் உள்ளூர்க்காரர் அந்த வரியிலேயே மூடி வைத்துவிடுவார். அதைவிடப் பெரிய ஓட்டை, நடுவில் 12 வருடம் அவர்களைத் தடுத்தது எது என்பது. ஒரு போன் போட்டிருக்கலாமே! பூவுக்காகக் காத்திருப்பது நீங்கள், அவர்களல்ல. தடையை எழுதினால் பூவே தேவைப்படாமல் போகலாம்.

ஊட்டி வாசகர்: சின்னத் தகவல் பிழையால் கதை கெட்டுவிடுமா?

கெடும். கல்லாறு தாண்டிப் பல்சக்கரப் பாதையில் ஏறும்போது மலை ரயிலை எஞ்சின் பின்னாலிருந்து தள்ளும். 'எஞ்சின் முன்னால் மூச்சிரைக்க இழுத்தது' என்று எழுதியவர் அடுத்த பக்கத்தில் அழ வைத்தால் நம்ப மாட்டார்கள். சரியாக எழுதினால் லாபமும் உண்டு. முன் பெட்டியில் உட்கார்ந்தவருக்கு எதிரே புகையில்லை. பிரேக்ஸ்மேன் முதுகும் திறந்து கிடக்கும் பாதையும்தான். ஊரை விட்டு ஓடுகிறவனை அங்கே உட்கார வைக்கலாம்.

கோத்தகிரி வாசகி: நீலகிரிப் படகர்கள் பேசும் படக மொழிச் சொற்கள் எவ்வளவு போடலாம்?

காட்சிக்கு ஒன்றிரண்டு. சூழலிலேயே விளங்கவேண்டும். அடிக்குறிப்பு கேட்கும் சொல்லை எடுத்துவிடுங்கள்.

குந்தா வாசகர்: நீளம், காட்சிக் கணக்கு?

1,500 சொல்லுக்கு மூன்று, நான்கு காட்சி, முக்கிய ஆட்கள் இரண்டு மூன்று பேர். முதல் 150 சொல்லுக்குள் யாருக்கு என்ன வேண்டும் என்பது தெரியவேண்டும். தெரியாவிட்டால் முதல் இரண்டு பத்தியை வெட்டிப் பாருங்கள். பெரும்பாலும் அங்கே வானிலைதான் இருக்கும்.

கொடைக்கானல் வாசகி (மறுபடி): நண்பர்கள் எல்லாரும் 'நல்லாருக்கு' என்கிறார்கள். எப்படித் தெரிந்துகொள்வது?

கருத்துக் கேட்காதீர்கள். ஒரு வாரம் விட்டு, கதையைத் திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள். குறுக்கே பேசாமல் எழுதிக்கொள்ளுங்கள். 'அதனால' என்று தொடுத்த இடங்கள் மனதில் நின்றிருக்கின்றன. 'அப்புறம்... அப்புறம்...' என்று தடவிய இடத்தில் காரணம் அறுந்திருக்கிறது, அங்கே ஒரு காட்சியைத் திருத்தி எழுதவேண்டும். அவர்கள் சொல்லாமலே விட்டதை வெட்டிவிட்டு வேறொருவரிடம் கொடுங்கள். பழைய ஆளிடமே திரும்பக் கொடுத்தால் முதல் பிரதியும் சேர்ந்து ஞாபகம் வரும், சோதனை பலிக்காது.